அத்தியாயம் 4: பக்கத்து நிறம்

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா எடுப்பா இல்லையே."

ஜவுளிக்கடை அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த பெண்ணின் அப்பா, பள்ளி ஆண்டு மலருக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர் என்று யார் வந்தாலும், நாம் காட்டும் முதல் லேஅவுட்டுக்குப் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். சிலர் "கண்ணை அடிக்குது" என்பார்கள். சிலர் "டல்லடிக்குது" என்பார்கள். "இன்னும் கொஞ்சம் டார்க் பண்ணுங்களேன்" என்று கேட்பவர்களும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இந்தச் சொற்களை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்ணம் படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்கினேன். அவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு குறையைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு வண்ணத்தைத் திருத்த மூன்று திருகுகள் இருக்கின்றன. முதலாவது நிறம்: சிவப்பா, மஞ்சளா, நீலமா என்பது. இரண்டாவது ஒளியளவு: வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே அந்த வண்ணம் எந்தப் படியில் நிற்கிறது என்பது. வெளிர்நீலம், அடர்நீலம் என்று பிரிக்கும்போது நாம் சொல்வது இதைத்தான். மூன்றாவது செறிவு: சாம்பல் கலக்காமல் எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்பது. செங்கல்லும் தக்காளியும் சிவப்பு வகைதான்; தக்காளியின் செறிவு அதிகம். ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இல் வண்ணங்களுக்குக் குறியீடு கொடுக்க ஒரு சிறு நூல் எழுதினார். வண்ணத்தை இப்படி மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்த முறை அவருடையது. இன்று உங்கள் மென்பொருளில் ஹியூ, சாச்சுரேஷன், லைட்னஸ் என்று மூன்று பட்டைகள் நகர்கின்றன அல்லவா, அவை அந்த வழியில் வந்தவை.

இப்போது வாடிக்கையாளர் சொன்னதைத் திரும்பக் கேளுங்கள். "எடுப்பா இல்லை" என்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளியளவு வித்தியாசம் போதவில்லை. "கண்ணை அடிக்குது" என்றால் செறிவு மிகுந்த இரண்டு நிறங்கள், ஏறக்குறைய ஒரே ஒளியளவில், ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. "டல்லடிக்குது" என்றால் செறிவு குறைந்துவிட்டது. "டார்க் பண்ணுங்க" என்பதில்தான் கவனம் வேண்டும். நம் ஊரில் டார்க் என்ற சொல்லுக்குக் கருமை, செறிவு இரண்டு பொருளும் உண்டு. அண்ணாச்சி கேட்டது செறிவாக இருந்து, நீங்கள் கருப்பைச் சேர்த்தால், அவருக்குச் சேற்று நிறம்தான் கிடைக்கும். "எந்த மாதிரி டார்க் அண்ணாச்சி, மிளகாய்ப்பழம் மாதிரியா, அரக்கு மாதிரியா?" என்று கேட்டுவிடுங்கள். நொடியில் பதில் வரும்.

பொருளின் பெயரால் நிறத்தைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் உயிரோடு இருப்பது வடிவமைப்பாளருக்குப் பெரிய வசதி. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை என்ற மூன்று சொற்களும் மூன்று திருகுகளையும் ஒரே வீச்சில் நிறுத்திவிடுகின்றன. மாம்பழ மஞ்சள் வேறு, எலுமிச்சை மஞ்சள் வேறு. கத்தரிப்பூ, வெங்காயத்தோல், மாந்துளிர், தேன் என்று பட்டுக்கடையில் விற்பனையாளர் அடுக்கும்போது, எந்த மென்பொருளும் தராத அளவுக்கு நுட்பமான அட்டவணை ஒன்று விரிகிறது. அதை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எண்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சாம்பல்

மூன்று திருகுகளில் எதை முதலில் தொடுவது? ஒளியளவைத்தான். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள நேர்ந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். வீட்டார் அரக்குச் சிவப்புப் பின்னணியும் அடர்பச்சை எழுத்தும் கேட்டார்கள். பட்டுப்புடவையும் கரையும் போல இருக்கட்டும் என்றார்கள். திரையில் பார்த்தபோது எனக்கும் பிடித்திருந்தது. சிவப்புக்கு எதிர் பச்சை என்று படித்திருந்ததால் தைரியமும் இருந்தது. அச்சாகி ஊரெல்லாம் கொடுத்த பிறகு ஒரு பெரியம்மா போன் செய்து, மண்டபத்தின் பெயர் என்ன, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று விசாரித்திருக்கிறார். பத்திரிகை அவர் கையில்தான் இருந்தது. சாயங்கால டியூப்லைட்டில் எழுத்து பின்னணிக்குள் புதைந்துபோய்விட்டது. அந்தப் பத்திரிகையை இன்றும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்பதை எண்களால் பார்க்கலாம். நம் கண் எல்லா நிறங்களையும் ஒரே அளவு வெளிச்சமாக உணர்வதில்லை. திரையின் வெண்மையை நூறு என்று வைத்துக்கொண்டால், அதில் பச்சை ஒளியின் பங்கு சுமார் 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. சிவப்பும் பச்சையும் சேர்ந்ததுதான் திரையின் மஞ்சள் என்பதால் அதன் ஒளியளவு 93 ஆகிவிடுகிறது. எனவே முழுச் செறிவுள்ள மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையின் பக்கத்திலும், முழுச் செறிவுள்ள நீலம் கிட்டத்தட்டக் கருப்பின் பக்கத்திலும் நிற்கின்றன.

இந்தக் கணக்கை வைத்து இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டை விகிதமாகச் சொல்லலாம். கருப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21. அதற்கு மேல் கிடையாது. ஒரே நிறத்தின் மேல் அதே நிறம் என்றால் 1. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கு உலக அளவில் பின்பற்றப்படும் டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய தலைப்பு எழுத்துக்குக் குறைந்தது 3 வேண்டும் என்கிறது. திரைக்காக வகுத்த அளவுதான், ஆனால் காகிதத்துக்கும் அதை அடிக்கோலாக வைத்துக்கொள்கிறேன். என் பத்திரிகையின் அரக்கும் (ஆர்.ஜி.பி.யில் 128, 0, 0) பச்சையும் (0, 100, 0) சேர்ந்து கொடுத்தது 1.5கூட இல்லை. அதே அரக்கின் மேல் பொன்மஞ்சள் எழுத்து (255, 215, 0) வைத்திருந்தால் 7.8 கிடைத்திருக்கும். அதே பொன்மஞ்சளை வெள்ளைத் தாளில் வைத்தால் 1.4. எழுத்தின் நிறம் மாறவில்லை, அதன் ஆர்.ஜி.பி. எண்ணும் மாறவில்லை. பக்கத்தில் இருப்பது மாறியது, படிக்க முடிவதும் முடியாததும் மாறிவிட்டன.

இன்னொன்றும் கவனியுங்கள். வெள்ளையின் மேல் திரையின் தூய சிவப்பு எழுத்துக்குக் கிடைப்பது 4.0தான். பிள்ளைகளின் பாடக் குறிப்புகளில் முக்கியமான வரிகளையெல்லாம் சிவப்பில் போடும் பழக்கம் உண்டு. சிறிய எழுத்தில் அது எல்லையைத் தொடாது. சிவப்பைச் சற்று இறக்கி, மிளகாய்ப்பழத்திலிருந்து அரக்கின் பக்கம் நகர்த்தினால் உடனே தாண்டிவிடும்.

ஒவ்வொரு முறையும் விகிதம் கணக்கிட வேண்டியதில்லை. லேஅவுட்டைச் சாம்பலாக்கிப் பாருங்கள். ஆனால் ஃபோட்டோஷாப்பில் டீசாச்சுரேட் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அது மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது. தூய மஞ்சளும் தூய நீலமும் ஒரே சாம்பலாக வந்து நின்றுவிடும். கண்ணுக்கு அவை பகலும் இரவும் மாதிரி. கிரேஸ்கேல் முறைக்கு மாற்றுங்கள், அல்லது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருப்பு லேயர் வைத்து அதன் பிளெண்ட் முறையைக் கலர் என்று மாற்றுங்கள். வேலை செய்துகொண்டே அந்த லேயரை அணைத்து அணைத்துப் பார்க்கலாம். கணினியில் அமராத நேரத்தில் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலே போதும், நம் வீட்டில் கோலத்தைத் தள்ளி நின்று பார்ப்பது மாதிரி. சாம்பலில் படிக்க முடிகிற லேஅவுட்டுக்கு எந்த நிறத்தைக் கொடுத்தாலும் தாங்கும். சாம்பலில் தடுமாறுகிற லேஅவுட்டை எந்த நிறமும் காப்பாற்றாது.

மென்பொருளின் லைட்னஸ் எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். எச்.எஸ்.எல். முறையில் அந்தத் தூய மஞ்சளுக்கும் தூய நீலத்துக்கும் லைட்னஸ் 50தான். இந்தக் குறையைப் போக்கக் கண்ணின் உணர்வுக்கு நெருக்கமான முறைகள் வந்திருக்கின்றன. பியோர்ன் ஒட்டோசன் 2020இல் வெளியிட்ட ஓகே லேப் முறையும் அதன் இன்னொரு வடிவமான ஓகே எல்.சி.எச். முறையும் இப்போது இணையப் பக்கங்களிலேயே நேரடியாகப் பயன்படுகின்றன. ஒரு செயலிக்காகப் பத்துப் பன்னிரண்டு நிறங்களை ஒரே வெளிச்சத்தில் வரிசையாக அமைக்க வேண்டுமென்றால் அங்கே தொடங்குங்கள்.

நெசவாளர்களின் புகார்

1824இல் மிஷேல் யூஜீன் ஷெவ்ருல் என்ற வேதியியலாளர் பாரிஸில் உள்ள கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அங்கே ஒரு புகார் காத்திருந்தது. நீல, ஊதாத் துணி மடிப்புகளில் நிழல் காட்டப் பயன்படுத்தும் கருப்பு நூல் வலுவில்லாமல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்றார்கள். ஷெவ்ருல் வேறு சாயப்பட்டறைகளின் கருப்பு நூல்களைத் தருவித்து, கோபெலின் கருப்போடு சேர்த்துச் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. குறை, அந்தக் கருப்பு உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது. அடர்நீலத்தின் பக்கத்தில் வைத்தால் ஒளியளவு வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, நீலம் தன் எதிர்நிறமான ஆரஞ்சின் சாயலைப் பக்கத்துக் கருப்பின் மேல் ஏற்றிவிடுகிறது. கருப்பு துருவேறியதுபோல் தெரிகிறது. பல வருடச் சோதனைகளுக்குப் பிறகு 1839இல் இதை விரிவான நூலாக எழுதினார். அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதுதான் அதன் சாரம். வேதியியலாளர் எழுதிய அந்த நூலை ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். ஷெவ்ருல் 102 வயது வரை வாழ்ந்ததால் தன் கருத்து ஓவியங்களாக மாறுவதையும் காணக் கிடைத்திருக்கும்.

உங்கள் கணினியில் இப்போதே செய்து பாருங்கள். ஒரே சாம்பல் நிறத்தில் இரண்டு சிறு சதுரங்கள். ஒன்றை வெளிர்மஞ்சள் பின்னணியில் வையுங்கள், இன்னொன்றைக் கருநீலத்தில் வையுங்கள். முதல் சதுரம் இருண்டு, லேசாக ஊதா பூசியதுபோல் தெரியும். இரண்டாவது வெளிச்சமாக, மஞ்சள் ஏறியதுபோல் தெரியும். எண் ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கண் ஒப்புக்கொள்ளாது. ஜோசப் ஆல்பர்ஸ் தன் மாணவர்களுக்கு வருடக்கணக்காக இதே பயிற்சியை வண்ணக் காகிதத் துண்டுகளால் கொடுத்து, 1963இல் நூலாக்கினார். அவர் வகுப்பில் கோட்பாடு பின்னால்தான் வரும். கத்தரிக்கோலும் காகிதமும் முதலில்.

இதை அறிந்து செயல்படும் பட்டறைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் கோர்வை போட்டு நெய்யும்போது உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனித்தனி நாடாக்கள் ஓடி இரண்டையும் இணைக்கின்றன. மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை, கிளிப்பச்சைக்குக் கத்தரிப்பூ என்று பழகிய சேர்க்கைகளை எடுத்துச் சாம்பலாக்கிப் பாருங்கள். உடலும் கரையும் வெளிச்சப் படியில் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தெரியும். நிறத்தில் முரண்பட்டு ஒளியளவில் நெருங்கிய சேர்க்கை வந்தால், நடுவே ஒரு ஜரிகைக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் சண்டையை விலக்குகிறது. கண்ணை அடிக்கும் இரண்டு நிறங்களை வாடிக்கையாளர் விடாப்பிடியாகக் கேட்டால் நீங்களும் அதைச் செய்யலாம்: நடுவே மெல்லிய வெள்ளை, சந்தன அல்லது பொன் கோடு. மார்கழிக் கோலத்தைச் சுற்றிக் காவி பூசுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அரிசிமாவின் வெண்மை கூடவில்லை. பக்கத்தில் செம்மண் வந்ததும் கூடியதுபோல் தெரிகிறது.

பட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மயில்கழுத்து நிறப் புடவையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது. பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறு நிறம், நீலமும் பச்சையுமாக. நூல்கள் கண்ணால் பிரிக்க முடியாத அளவுக்கு மெல்லியவை என்பதால் கலவை நம் கண்ணில் நடக்கிறது. துணி மடியும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று தூக்கலாகத் தெரிகிறது. ஒரு சிவகாசிக் காலண்டரை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சாமி படத்தின் தோல் நிறம் கலைந்து நான்கு நிறப் புள்ளிகளாகிவிடும். ஆஃப்செட் அச்சு முழுவதும் மயில்கழுத்துத் தந்திரம்தான். அதனால்தான் எழுத்து மிகச் சிறியதாகவும் கோடு மிக மெல்லியதாகவும் இருக்கும்போது அவற்றின் நிறம் பின்னணியில் கரைந்துவிடுகிறது. கட்டைவிரல் அகலப் பட்டையில் அழகாக இருந்த வெளிர்பச்சை, 8 பாயின்ட் எழுத்தில் வெறும் சாம்பலாகத் தெரியும். சிறிய உருவுக்கு நிறத்தைச் செறிவாக்கி, அடர்த்தியாக்கிக் கொடுங்கள். பெரிய பரப்புக்குச் செறிவைக் குறையுங்கள். சிறு சதுரத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த சுவர் வண்ணம் வீடு முழுக்க அடித்ததும் திகைக்க வைப்பது இதனால்தான்.

வட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக

நிற வட்டத்தை முதல் பாடமாக வைக்கும் நூல்கள் பல. நான் இங்கே கொண்டுவந்து வைத்ததற்குக் காரணம், அது நிறத்தை மட்டும் காட்டுகிறது; ஒளியளவையும் செறிவையும் காட்டுவதில்லை. வட்டத்தை மட்டும் நம்பிய கை என் அரக்கு-பச்சைப் பத்திரிகையைத்தான் அடிக்கும்.

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறமாலையை வளைத்து வட்டமாக்கினார். அதற்குப் பிறகு வந்த வட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓவிய வகுப்பின் வட்டத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் அடிப்படை. அங்கே சிவப்புக்கு எதிர் பச்சை. திரையின் வட்டத்தில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் அடிப்படை. அங்கே சிவப்புக்கு எதிர் சையான் என்னும் பச்சைநீலம். அச்சு மைகளின் சையான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றும் இந்த இரண்டாவது வட்டத்தின் எதிர்முனைகளிலேயே இருக்கின்றன. சிவப்பை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். மிதக்கும் நிழல் பச்சைநீலமாகத்தான் இருக்கும். கண் எந்த வட்டத்தின் பக்கம் என்பதற்கு அதுவே விடை. பக்கத்துப் பக்கத்து நிறங்களைச் சேர்த்தால் அமைதி, எதிரெதிரைச் சேர்த்தால் பரபரப்பு. முக்கோணம், சதுரம் என்ற மற்ற கணக்குகளெல்லாம் இந்த இரண்டின் கலவை. எதிர்நிறங்களைச் சேர்க்கும்போது இரண்டுக்கும் சம பங்கு கொடுக்காதீர்கள். உடல், கரை, முந்தானை என்று புடவை பரப்பைப் பிரித்துக்கொள்கிற விகிதம் பெரும்பாலான லேஅவுட்டுகளுக்குப் பொருந்தும்.

திரையிலிருந்து தாளுக்கு

"ஸ்கிரீன்ல இருந்த கலர் வரலையே" என்ற சண்டை ஒவ்வொரு அச்சகத்திலும் நடக்கிறது. திரை ஒளியை உமிழ்கிறது. மை ஒளியை விழுங்குகிறது. திரையில் நிறங்களைச் சேர்க்கச் சேர்க்க வெண்மை, தாளில் சேர்க்கச் சேர்க்க இருட்டு. திரையின் பளிச்சிடும் பச்சை, மின்னும் நீலம், சூடான ஆரஞ்சு ஆகியவை நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. மெஷின்மேன் என்ன முயன்றாலும் அவை வராது. எனவே அச்சு வேலை என்றால் முதல் நாளிலேயே சி.எம்.ஒய்.கே. முறையில் தொடங்குங்கள். நீலம் ஊதாவாகத் திரும்புகிறது என்றால், மெஜந்தாவைச் சையானைவிட 30 சதவீதமாவது குறைத்து வையுங்கள்.

நம் ஊர் வேலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சுப காரியத்துக்கான பத்திரிகையில் கருப்பு எழுத்து வேண்டாம் என்பார்கள். நியாயமான விருப்பம், மதிக்க வேண்டும். உடனே நாம் எழுத்தையெல்லாம் அரக்குக்கு மாற்றிவிடுகிறோம். நான்கு நிற அச்சில் அரக்கு என்பது மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய மூன்று பிளேட்டுகளின் கூட்டு. ஒரு பிளேட் முடியளவு விலகினாலும், தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் இரட்டை இரட்டையாகத் தெரியும். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்தில் உள்வட்டங்கள் அதிகம்; ண, ணை, இ போன்றவற்றில் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும். ரெஜிஸ்டர் அவுட் என்று அச்சகத்தைக் குறை சொல்வதைவிட, அரக்கைத் தனி மையாகக் கலக்கச் சொல்லி ஒரே பிளேட்டில் ஓட்டச் சொல்லுங்கள். பத்திரிகைக்குப் பெரும்பாலும் அது செலவையும் குறைக்கும். நான்கு நிறத்தில்தான் வேண்டுமென்றால் சிறிய எழுத்தை மட்டுமாவது இரண்டு மைகளுக்குள் அடக்குங்கள். கருப்பு அனுமதிக்கப்பட்ட வேலைகளில், எழுத்துக்குக் கருப்பு மை 100 மட்டும். மற்ற மூன்றும் பூஜ்யம்.

பெரிய கருப்புப் பரப்பு ஆழமாகத் தெரிய மற்ற மைகளையும் சேர்க்கலாம். ஆனால் நான்கின் கூட்டுத்தொகை ஆர்ட் பேப்பரில் சுமார் 300 சதவீதத்தையும், செய்தித்தாள் காகிதத்தில் சுமார் 240 சதவீதத்தையும் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சுவதால் புள்ளிகள் பரந்து, நிறம் இருண்டு, செறிவும் குறையும். ஆர்ட் பேப்பரில் ஒப்புதல் வாங்கிய நிறத்தை மேப்லித்தோவில் அடித்துக் கொடுத்துவிட்டு வாதாடுவதில் பயனில்லை. எந்தத் தாளில் ஓடப்போகிறதோ அதே தாளில் ப்ரூஃப் கேளுங்கள்.

நிறத்தின் ஊர்ப் பொருள்

சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் நம்பிக்கை என்று அட்டவணை போடும் புத்தகங்களை நம்பி வேலை செய்ய முடியாது. சிவப்பு குங்குமத்திலும் இருக்கிறது, அபாயப் பலகையிலும் இருக்கிறது. பொருளைக் கொடுப்பது ஊரும் சந்தர்ப்பமும். கருப்பையும் சிவப்பையும் மேலும் கீழுமாக வைத்த ஒரு கடைப் பலகையைத் தமிழ்நாட்டில் யாரும் கடைப் பலகையாக மட்டும் பார்க்க மாட்டார்கள். நடுவே வெள்ளை சேர்த்தால் வேறு கட்சியின் நினைவு வரும். கருப்பு வேட்டி கார்த்திகை மாதத்தில் சபரிமலையைச் சொல்கிறது. சிவப்புச் சேலைக் கூட்டம் மேல்மருவத்தூரைச் சொல்கிறது. வாடிக்கையாளர் ஒரு சேர்க்கையை ஏன் தவிர்க்கிறார் என்று காரணம் சொல்லத் தயங்கலாம். நீங்களே தெரிந்துவைத்திருந்தால் அவருக்குச் சங்கடம் இல்லை.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் நம்மிடையே இருக்கின்றன, பெண்களைவிட ஆண்களில் பல மடங்கு அதிகமாக. பேருந்து வழித்தட வரைபடம், மருத்துவமனைப் படிவம், பணம் செலுத்தும் செயலி ஆகியவற்றில் "பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் தவறு" என்று நிறத்தை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். சரிக்கு ஒரு டிக், தவறுக்கு ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு சொல். இரண்டு நிறங்களின் ஒளியளவையும் தள்ளி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. இதில் அலட்சியமாக இருக்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு வாரப் பயிற்சி

ஒரே ஒரு நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கோ, கத்தரிப்பூவோ, உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. அதைச் சிறு சதுரமாக வெட்டி, வெள்ளை, கருப்பு, அதே ஒளியளவுள்ள சாம்பல், பக்கத்து நிறம், எதிர்நிறம் என்று ஐந்து பின்னணிகளில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் உங்கள் ஊர்ப்பெயரை 8 பாயின்ட்டிலும் 36 பாயின்ட்டிலும் எழுதுங்கள். ஆர்ட் பேப்பரில் ஒரு படி, மேப்லித்தோவில் ஒரு படி அச்சடித்து வாங்குங்கள். காலையில் ஜன்னலோரத்தில், இரவில் டியூப்லைட்டில், மஞ்சள் பல்பில் என்று மூன்று வெளிச்சத்தில் பார்த்து, என்ன மாறியது என்பதை அண்ணாச்சியின் சொற்களிலேயே குறித்துவையுங்கள்: எடுப்பா இருக்கு, அடிக்குது, டல்லாயிடுச்சு. வாரக் கடைசியில் அந்தத் தாளை வண்ணம் படிக்காத ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் சொற்களை உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

வெளிச்சம் மாறினால் நிறம் மாறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள், வேறு விளக்கின் கீழ் பிரிந்துவிடக்கூடும். இரண்டும் ஒளியை விழுங்கும் விதம் வேறு. அச்சு ஒப்பீட்டுக்கு 5000 கெல்வின் வெளிச்சம் என்று தொழில்துறை ஒரு தரம் வைத்திருப்பது இதற்காகத்தான். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியையும் புடவையையும் எடுத்துக்கொண்டு நம் அம்மாக்கள் வாசலுக்கு வருவதும் இதற்காகத்தான். ப்ரூஃப் கைக்கு வந்ததும் நீங்களும் அச்சகத்தின் வாசலுக்கு வாருங்கள். வெயில் நேராக விழாத இடத்தில் நின்று, ஒப்புதலான பழைய அச்சுப்படி இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் ப்ரூஃபின் மேலேயே கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒரு படியை மெஷின்மேனிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.